ஆணி அடிக்கக் கூடாத வீடு

எங்கள் வீட்டுக் குழாயை யாரும் கையால் திறப்பதில்லை. மரக்கரண்டியால்தான் திறப்போம். குழம்பு கிண்டுகிற கரண்டி வேறு, குழாய் திறக்கிற கரண்டி வேறு. இரண்டையும் மாற்றி வைத்துவிட்டால் என் மாமியார் ஒச்சம்மாள் வீட்டையே இரண்டாக்கிவிடுவார். நான் கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வேலை அதுதான்.

"ஏத்தா ஜீவிதா, மழ நாள்ல கொழாயைத் தொட்டுறாத. சுர்ருனு இழுத்துப்புடும். கரண்டியால ஒரு நெம்பு நெம்பு, தொறந்துக்கும்."

மற்ற வீடுகளில் புது மருமகளை விளக்கேற்றச் சொல்வார்கள். எனக்குக் குழாய் நெம்பப் பயிற்சி கொடுத்தார்கள்.

அதோடு விட்டதா? பிரிட்ஜைத் திறக்க ஒரு துண்டு. கிரைண்டர் போட வேண்டுமானால், சாப்பிட உட்காருகிற மணைப்பலகையைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். செருப்புப் போட்டுக்கொண்டு நின்றால் என்ன என்று கேட்டேன். அடுப்படியில் செருப்பா என்று அத்தை என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். ஹாலின் மேற்குச் சுவரில் மழைக்காலத்தில் சாயக் கூடாது. வாசலை ஒட்டி இருக்கிற மெயின் பெட்டி இரும்பு. அதன் பிடியைக் கையால் இறக்கினால் அதுவும் கடிக்கும், ஆகவே மரத்தால்தான் தட்ட வேண்டும். இந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த என் வீட்டுக்காரர் பழனிக்குமாருக்கு இதில் ஒரு தப்பும் தெரியவில்லை. "பழைய வீடுன்னா லேசா இருக்கத்தான்டி செய்யும்" என்பார், ஏதோ கொசுத்தொல்லையைச் சொல்வதுபோல.

வீடு எரியோட்டில் இருக்கிறது. மாமனார் ஆண்டிச்சாமி கட்டியது. அந்தக் காலத்தில் தெருவில் எல்லா வீட்டிலும் சுவருக்கு மேலே மரச்சட்டம் அடித்து ஒயர் ஓடிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் சுவரைக் கொத்தி, உள்ளே பைப்பு பதித்து, ஒயர் வெளியே தெரியாமல் செய்தாராம். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனதாம். அந்த ஒயர்தான் இன்றைக்கும் உள்ளே கிடக்கிறது. மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். மேற்குச் சுவரில் படமாகத் தொங்குகிறார்.

முதலில் எனக்கும் இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. வயிற்றில் பிள்ளை வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஆவணி மாதம் ஒரு நாள் காலையில் நல்ல மழை. கரண்டி எங்கேயோ நனைந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. குழாயை நெம்பினேன். முழங்கை வரைக்கும் இழுத்துவிட்டது. எனக்கு வலி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அதுவரை வயிற்றுக்குள் துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை அசைவதை நிறுத்திக்கொண்டது. அப்படியே குழாயடியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, அசை அசை என்று கெஞ்சினேன். திரும்ப ஒரு உதை கிடைக்கிறவரை நான் பட்ட பயத்தை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிட்டேன். இந்த வீட்டு ஒயரை மொத்தமாக மாற்ற வேண்டும், இப்போதே மாற்ற வேண்டும்.

"மாத்திருவோம்த்தா" என்றார் அத்தை. "புள்ள பொறக்கட்டும்."

"புள்ள பொறக்கறதுக்குள்ள எனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"வாயைக் கழுவு. புள்ளத்தாச்சி இருக்கிற வீட்ல ஆணி அடிக்கக் கூடாது, செவுத்தைக் கொத்தக் கூடாது, குழி தோண்டக் கூடாது. வீடு மாறவும் கூடாது. வயித்துல இருக்கறதுக்கு ஆகாது."

நான் விடாமல் அவர் மகனைப் பார்த்தேன். அவர் வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். பன்னிரண்டு மெஷினைத் தனியாகச் சமாளிக்கிற மனுசனுக்கு, அம்மா எதிரே வாய் திறக்க மட்டும் தெம்பு கிடையாது. "அம்மா சொல்றதுலயும்..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, பனியனைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அத்தை கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமே. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போயிருப்பேன். தோட்டத்தில் சம்பங்கி பறித்துப் போட்டுவிட்டு வந்த களைப்போடு எனக்குக் கால் பிடித்துவிடுவார். ஆயக்குடிக் கொய்யா வண்டி தெருவுக்குள் வந்தால், ஒவ்வொரு பழமாக அமுக்கிப் பார்த்து எனக்கு மட்டும் வாங்குவார். குழாய்ப் பக்கம் என்னைப் போகவிடாமல் அவரே தண்ணீர் பிடித்து வைக்க ஆரம்பித்தார். அந்த அன்பை என்னவென்று எதிர்த்துப் பேசுவது?

ஒரு நாள் என் வீட்டுக்காரர் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு குழந்தைப் படம் வாங்கி வந்தார். கொழுகொழுவென்று, பல்லில்லாத வாயால் சிரிக்கிற படம். தினமும் எழுந்ததும் நான் அதைப் பார்க்க வேண்டுமாம். ஆணி கிடையாது, அதனால் டேப்பு போட்டுச் சுவரில் ஒட்டினார். ஈரச் சுவரில் டேப்பு நிற்குமா? விடிந்து பார்த்தால் அந்தக் குழந்தை தரையில் குப்புறக் கிடக்கும். கடைசியில் பீரோக் கதவில் ஒட்டினோம். அத்தை அந்தப் படத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு, பூக்கூடையை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போய்விட்டார்.

நான் போவதற்கு ஒரே ஒரு இடம் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி வீடு மாறக் கூடாதே தவிர, தாய் வீட்டுக்குப் போகலாம், அதற்குத் தடை இல்லை. என் தாய் வீடு ஒன்றும் சீமையில் இல்லை. திண்டுக்கல் மேட்டுப்பட்டிதான், வாசலில் நின்று கை காட்டினால் பஸ் நிற்கும். பஸ்தான் இருந்தது, போனால் கதவு திறக்காது. என் அம்மா செபாஸ்தியம்மாள் சர்ச்சில் ஒரு பூசை தவறாதவள். கோயிலில் தாலி கட்டிக்கொண்ட மகளை, "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்று சொன்னவள் சொன்னவள்தான். கல்யாணத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு பேசப் போன அத்தையை, உட்காரக்கூடச் சொல்லாமல் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள். அத்தை அந்தத் தாம்பாளத்தைப் பரண்மேல் போட்டுவிட்டு, "அந்தப் பொம்பள பேச்சு இந்த வீட்ல கூடாது" என்று சொல்லிவிட்டார். இரண்டு பேருக்கும் ரோசம் ஒரே அளவு. நடுவில் நான்.

எனக்குத் தெரிந்த ஒரே எலக்ட்ரீசியன் பெலிக்ஸ். மேட்டுப்பட்டிப் பையன், என் அண்ணனோடு படித்தவன். போன் போட்டேன், வந்தான். சுவரிலும் குழாயிலும் டெஸ்டரை வைத்து வைத்துப் பார்த்தான். வைத்த இடமெல்லாம் அந்தக் குட்டி விளக்கு மினுமினுவென்று எரிந்தது.

"ஜீவி, இது வீடில்ல, கரண்டு கம்பம்" என்றான். "உள்ள இருக்கிற ஒயரு அம்புட்டும் உளுத்துப்போச்சு. எர்த்தே கெடையாது. செவுத்தைக் கொத்திப் பழசை உருவிட்டுப் புதுசா இழுக்கணும். வெளியில குழி தோண்டி உப்பும் கரியும் போட்டு எர்த்து எறக்கணும்."

கொத்தணும், தோண்டணும் என்ற இரண்டு வார்த்தையும் அடுப்படி வரைக்கும் கேட்டுவிட்டது. அத்தை வந்து சுவருக்கும் அவனுக்கும் நடுவில் நின்றுகொண்டார். "தம்பி, டீ குடிச்சிட்டுக் கெளம்பு. தை பொறக்கட்டும், நானே கூப்புடுறேன்."

வெளியே அவன் வண்டியை எடுக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "அம்மா ஏதாச்சும் கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கல" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். நான் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டது. மேற்குச் சுவர் நனைந்து ஊறிக் கறுப்பாகிவிட்டது. நான் ஹாலின் நடுவிலேயே நடந்தேன், நடுவிலேயே உட்கார்ந்தேன், கட்டிலையும் இழுத்து நடுவிலேயே போட்டுக்கொண்டேன். எந்தப் பக்கம் கை நீட்டினாலும் ஏதாவது ஒன்று கடிக்குமோ என்று பயம். சொந்த வீட்டில் முயல்குட்டி மாதிரி ஒடுங்கிக்கிடந்தேன். ஒரு நாள் மூளை வேலை செய்தது. ஆணிதானே அடிக்கக் கூடாது? சுவரைத்தானே கொத்தக் கூடாது? இரண்டும் இல்லாமல் என்ன செய்யலாம்?

பெலிக்ஸிடம் கேட்டேன். மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் ஏற்கெனவே பீஸ் கட்டை இருக்கிற மரப்பலகையிலேயே, பழைய ஓட்டையிலேயே திருகி, ஒரு டிரிப்பர் மாட்டலாம் என்றான். கரண்டு எங்கேயாவது கசிந்தால், ஆளைப் பிடிப்பதற்கு முன்னால் அது தானாக விழுந்து மொத்த வீட்டையும் அணைத்துவிடும்.

அத்தை பக்கத்திலேயே நின்று கண்கொட்டாமல் பார்த்தார். "புது ஓட்டை போடலையே தம்பி?" என்று நூறு தடவை கேட்டார். "மாதா மேல சத்தியமா பழைய ஓட்டைதான் ஆத்தா" என்றான் அவன்.

மாட்டி முடித்து மேலே தள்ளினான். டப்பென்று விழுந்தது. மறுபடி தள்ளினான். மறுபடி விழுந்தது.

"ஏன்டா, ஓட்டை மெசினா?" என்றேன்.

"மெசினு நல்லாத்தான் இருக்கு. அது வேலையத்தான் பாக்குது. எங்கயோ நிக்காம கசியுது ஜீவி. எடத்தைக் கண்டுபுடிக்கிற வரைக்கும் இது நிக்காது. கண்டுபுடிக்கணும்னா..." என்று சுவரைப் பார்த்தான். அத்தை அவனைப் பார்த்தார். அவன் திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

வீடு இருட்டாகிவிட்டது. மழை நேரத்துப் புழுக்கம். ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் மூச்சு முட்டல். எனக்கு வியர்வை ஆறாக ஓடியது. அத்தை விசிறியை எடுத்து வீசிப் பார்த்தார். ஷிப்ட் முடித்து வந்த பழனிக்குமாரும் தூங்க முடியாமல் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் நான் அசந்துபோய்ப் படுத்திருந்தபோது அத்தை பெலிக்ஸைத் திரும்ப வரவழைத்துவிட்டார். "புள்ளத்தாச்சி வெந்து போறா தம்பி. அந்தப் பொட்டிக்குள்ள போகாம நேரா குடுத்துவிடு."

"நான் சொல்லிட்டேன் ஆத்தா, அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே அந்தப் புண்ணியவானும் நேராகக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நான் கண் விழித்தபோது மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டிரிப்பர் பலகையில் சும்மா பொம்மைபோல உட்கார்ந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பெலிக்ஸுக்குப் போன் போட்டு, எருமை, மாடு என்று ஒன்று விடாமல் திட்டினேன்.

ஐப்பசி அமாவாசை வந்தது. மாமனாருக்குப் படையல். அத்தை அதில் எதையும் குறைக்க மாட்டார். காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத்தோடு சமைத்து, மேற்குச் சுவரில் படத்துக்கு நேர் கீழே மணைப்பலகையைப் போட்டு, அதன்மேல் இலை விரித்து, சோறும் வெஞ்சனமும் வடையும் பரிமாறினார். முன்பெல்லாம் அந்தப் படம் ஒரு சணல் கயிற்றில் தொங்கும். இந்த வருசம்தான் பழனிக்குமார் புதுச் சட்டம் போட்டு, அதே பழைய ஆணியில், நல்ல கனமான இரும்புக் கம்பியில் மாட்டியிருந்தார். அப்பாவுக்குச் செய்கிற மரியாதையாம்.

அத்தையின் சேலையிலும் முடியிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காலடியில் தரையும் ஈரம். ஈரத்துணியால் படத்தைத் துடைத்தார், சந்தனம் வைத்தார். மாலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதே என்று கையைத் தூக்கி, படம் மாட்டியிருந்த கம்பியைப் பிடித்தார்.

அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து பூப் பிரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அத்தை கையைத் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தார். உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடியது. கண் நிலைகுத்தி நின்றது.

"ஐயோ அத்தே!" என்று எழுந்து ஓடினேன். அவர் தோளைப் பிடிக்கக் கை நீட்டிவிட்டேன். எப்படித்தான் அந்தக் கையை இழுத்துக்கொண்டேனோ தெரியாது. பிடித்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம், மூன்று பேரும் போயிருப்போம். மெயினை அணைக்க வேண்டும். கரண்டி குழாயடியில் இருந்தது, போய் எடுத்து வர நேரமில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்த மரம் படையல் பலகைதான். இலையையும் சோற்றையும் வடையையும் அப்படியே தரையில் கவிழ்த்துவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வயிறு முன்னால் இழுத்தது. மெயின் பெட்டியின் பிடியில் ஓங்கி ஒரு அடி. இறங்கவில்லை. "இறங்கித் தொலையேன் சனியனே!" என்று இன்னொரு அடி. இறங்கியது. உள்ளே அத்தை பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டது.

பிழைத்துக்கொண்டார். வேடசந்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வலது உள்ளங்கையில் கம்பி பதிந்த இடம் வெந்துபோய்ப் பெரிய கட்டு. வீட்டுக்கு வந்து படுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"படையலைக் கவுத்திட்டியாமே?"

மறுநாள் பெலிக்ஸ் வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. பழனிக்குமார் லீவு போட்டுவிட்டு, அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அத்தை எழுந்து சாய்ந்துகொண்டு பெலிக்ஸைப் பிடித்துக்கொண்டார்.

"உண்மையச் சொல்லு தம்பி. அன்னைக்கு நீ புது ஓட்டை போட்டுட்டதான? ஒரு ஆணியாச்சும் அடிச்சிட்டதான? அதான் இப்புடி ஆயிருச்சு."

"ஆத்தா, சத்தியமா இல்ல" என்றான் அவன். மெயின் அணைத்தே கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் மட்டும் போட்டுவிட்டு, ரப்பர் செருப்போடு சுவரருகே போய், படத்தை ஒரு குச்சியால் தூக்கிக் கழற்றிக் கீழே வைத்தான். பின்னால் இருந்த ஆணியில் டெஸ்டரை வைத்தான். முன்பு மற்ற இடங்களில் மினுமினுத்த விளக்கு, அங்கே பளீரென்று எரிந்தது.

ஓடிப் போய் மெயினை அணைத்துவிட்டு வந்தான். "இந்தா இருக்கு. இந்த ஆணிதான். பைப்பைத் தொளச்சு உள்ள போற ஒயரைக் குத்திக்கிட்டு நிக்குது. மழையில செவுரு ஊறுனா செவுரு பூராம் கரண்டு. கொழாயும் இந்தச் செவுத்துக்குள்ளதான் போகுது. இதை எப்ப ஆத்தா அடிச்சது?"

அத்தை கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஆணியையே பார்த்தார்.

"யம்மா, கேக்குறான்ல" என்றார் பழனிக்குமார்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடிலே" என்றார் அத்தை. "உனக்கு முந்தி ஒண்ணு தங்குச்சு. ஏழு மாசம்."

பழனிக்குமார் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவருக்கே இது தெரியாது.

"சந்தையில ஒரு புள்ளப் படம் வாங்கியாந்தேன். இந்தா, இவ பீரோவுல ஒட்டியிருக்காளே, அதே மாதிரி கொழுகொழுன்னு. கண்ணு முழிச்சதும் தெரியணும்னு அந்த எடத்துல மாட்டச் சொன்னேன். உங்கப்பா வேணாம்டின்னாரு. எங்காத்தாளும் புள்ளத்தாச்சி வீட்ல ஆணி அடிக்காதீகன்னு தலபாடா அடிச்சிக்கிட்டா. நாந்தான் கேக்கல. அழுது அடம் புடிச்சேன். அடிச்சாரு. ரெண்டொரு நாள்ல மழை. படம் நனையுதேன்னு தொடச்சேன். யாரோ ஓங்கி அறஞ்ச மாதிரி இருந்துச்சு. விழுந்துட்டேன். சாமி அறஞ்சிருச்சுன்னாக. மறுநாளே போயிருச்சு. ஆம்பளப் புள்ள." கைக்கட்டில் பிரிந்திருந்த நூல் ஒன்றைப் பிடித்து இழுத்தார். "படத்தைக் கிழிச்சு எரிச்சிட்டேன். ஆணியப் புடுங்க மனசு வரல. அது கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

கட்டிலில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போதாவது புரியும் என்று நினைத்தேன். "அத்தே, அது சாமி இல்ல. கரண்டு. அன்னைக்கு உங்களை அறஞ்சது இந்த ஒயருதான். நீங்க ஒரு தப்பும் பண்ணல."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதத்தானத்தா நானும் சொல்றேன்! ஆணி அடிச்சதாலதான போச்சு?"

பெலிக்ஸ் குனிந்து கையிலிருந்த டெஸ்டரைப் பார்த்தான். பழனிக்குமார் என்னைப் பார்த்தார். அத்தை சொன்னதில் என்ன தப்பு? ஆணி அடிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்கும். இத்தனை வருசம் அவர் நம்பியதற்கு நாங்களே டெஸ்டர் வைத்துச் சாட்சி சொல்லிவிட்டோம்.

"இப்ப இதைப் புடுங்கணும்ல?" என்றேன். "உளுத்த ஒயரை மாத்தணும்ல?"

"மாத்தணும். தையில."

எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. எழுந்து நின்றேன். "சரி. அப்ப அந்த ஆணி அங்கயே இருக்கட்டும். நானும் ஏழாம் மாசந்தான். நானும் ஒரு நாளைக்குச் செவுத்தைத் தொடுறேன். உங்களுக்குப் போன மாதிரி எனக்கும் போகட்டும். அப்புறம் நாம ரெண்டு பேரும் சேந்து உக்காந்து அந்த ஆணியப் பாத்துக்கிட்டே இருப்போம்!"

"ஏ ஜீவி!" என்று கத்தினார் பழனிக்குமார். அதற்குள் அத்தை கட்டிலிலிருந்து இறங்கி வந்து, கட்டுப் போட்ட கையாலேயே என் வாயைப் பொத்திவிட்டார். மருந்து வாடை. நான் அழுதேன், அவரும் அழுதார். கையை எடுக்கவே இல்லை.

பிறகு அவராகவே கையை எடுத்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். சுவரைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். என்னவோ கணக்குப் போடுகிற முகம்.

"தம்பி" என்று பெலிக்ஸைக் கூப்பிட்டார். "புள்ளத்தாச்சி வீட்லயே இல்லன்னா, அது வெறும் வீடுதான?"

"வெறும் வீடுதான் ஆத்தா" என்றான் அவன் அவசரமாக.

"அப்பக் கொத்தலாம்." என் பக்கம் திரும்பினார். "உங்காத்தா நம்பரைப் போடு."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "அத்தே, அது பேசாது. உங்களை வாசலோட அனுப்புன ஆளு..."

"அனுப்புனா அனுப்பட்டும். இந்தத் தடவை போனுதான, வாசலுக்கா போகப்போறேன்? போடுடி."

நம்பரைத் தேட வேண்டியதில்லை. எத்தனையோ தடவை முழுசும் அடித்து, கூப்பிடாமல் அழித்த நம்பர். ஸ்பீக்கரில் போட்டு அத்தையிடம் கொடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று நான் முடிவே செய்துவிட்டேன். எடுத்தாள்.

"யாரு?" அம்மாவின் குரலைக் கேட்டு இரண்டு வருசம் ஆகிறது.

"நான் எரியோட்டுல இருந்து பேசுறேன். உங்க மகளோட மாமியா, ஒச்சம்மா." அத்தை எச்சிலை விழுங்கிக்கொண்டார். "பழசெல்லாம் நாம அப்புறமாப் பேசிக்குவோம். எங்க வீட்ல கரண்டு கசியுது. புள்ளையும் வயிறுமா அவளை இங்க வச்சுக்க எனக்குப் பயமா இருக்கு. எனக்கு ஒரு தடவை போயிருச்சு. இவளுக்குப் போகக் கூடாது. செவுத்தைக் கொத்தி முடிக்கிற வரைக்கும் உங்க மகளை நீங்க வச்சிருக்கணும். கையெடுத்துக் கும்புட்டுக் கேக்குறேன்."

போனில் அவர் கும்பிடுவது அங்கே தெரியாது. ஆனாலும் கட்டுப் போட்ட கையையும் நல்ல கையையும் சேர்த்து நிஜமாகவே கும்பிட்டார். அம்மா வைத்துவிட்டாளோ என்று நான் திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"ஏழாம் மாசம் பொறந்திருச்சுல்ல?" என்றாள் அம்மா.

நான் பெலிக்ஸைத் திரும்பிப் பார்த்தேன். அவன் டெஸ்டரைத் துடைக்க ஆரம்பித்தான். "வாரா வாரம் பூசை முடிஞ்சதும் என்னையப் புடிச்சுக் கேக்கும் ஜீவி" என்றான் முணுமுணுப்பாக. "உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு."

"பொறந்திருச்சு" என்றார் அத்தை போனில்.

"மொதப் பஸ்ஸுக்கு வாரேன். வந்து கூட்டிட்டுப் போறேன்." அம்மாவின் குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பழைய அதட்டலோடு திரும்பவும் பேசினாள். "நான் வார வரைக்கும் பத்திரமாப் பாத்துக்கங்க. புள்ளத்தாச்சி இருக்கிற வீடு. அவசரப்பட்டு அதுக்குள்ள ஆணி கீணி அடிச்சுப்புடாதீக."

போன் நின்றது. அத்தை அதை மெதுவாக மடியில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, முதலில் பெலிக்ஸைப் பார்த்தார், அப்புறம் தன் மகனைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"கேட்டியா?" என்றார்.

"கேட்டுச்சு அத்தே" என்றேன். வேறு என்ன சொல்வது? பீரோக் கதவில் இருந்த குழந்தைப் படத்தைக் கிழியாமல் உரித்து, சுருட்டி, பையில் துணிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன்.